மிச்சக் குரல்

தன் கணவர் டெல்மருக்குப் பாட வராது என்று ஆர்லிஸ் கல்யாணமான நாளிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. காதால் கேட்டதைத்தானே சொன்னாள்? மனுஷன் பாத்திரம் துடைக்கும்போதும், கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போதும், சவரம் பண்ணிக்கொள்ளும்போதும் வாயை மூடிக்கொண்டு எதையோ முனகுவார். ஒரே சுரத்தில் அப்படியே நிற்கும். திடீரென்று படி தவறியதுபோல் இறங்கும். யாரும் கூப்பிடாத இடத்தில் ஏறிக்கொள்ளும். தலையும் கிடையாது, வாலும் கிடையாது.

"இந்த லட்சணத்துல வெள்ளிக்கிழமையானா மூணு பேரோட பாடப் போறீங்க. அவங்க உங்களை அடிக்காம எப்படித்தான் விடறாங்க?" என்று கேட்பாள்.

"நான் இல்லேன்னா அவங்களுக்குப் பாட்டு நிக்காது" என்பார் டெல்மர்.

ஆண்பிள்ளை ஜம்பம் என்று அவள் விட்டுவிடுவாள். நாலு பேரும் சேர்ந்து பாடி அவள் கேட்காமல் இல்லை. கேட்டால் வெண்டலின் குரல்தான் முன்னால் வந்து நிற்கும். தன் வீட்டுக்காரர் வாயை மட்டும் அசைக்கிறார் என்றே நம்பினாள். அவளே சின்ன வயதிலிருந்து சர்ச்சில் அப்படித்தான் செய்துவந்தாள். "நீ பாடாதே, உதட்டை மட்டும் அசை, போதும்" என்று அவளுடைய அம்மா ஒரு ஈஸ்டர் காலையில் காதைத் திருகிச் சொன்னது அத்தோடு சட்டமாகிவிட்டது.

நாலு பேர் சேர்ந்து பாடுகிற அந்தப் பாட்டில் டெல்மர் பாடிய பாரிடோன் குரலுக்கு இருக்கும் மரியாதையும் அவ்வளவுதான். மெட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவர் லீட். அது வெண்டல். டிராக்டர் கடை முதலாளி, தன் குரலைத் தானே கேட்டு ரசிக்கிற ஆள். மேலே மெல்லிசாகப் பறப்பது டெனர். அது ஆஸி, பனிக்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். கதவுக்குள் நுழையவே பக்கவாட்டில் திரும்ப வேண்டிய உடம்பு. வாயைத் திறந்தால் புல்லாங்குழல். அடியில் தரையைத் தாங்குவது பேஸ். அது முடிதிருத்தும் லாம்பர்ட். ஈர்க்குச்சி மனிதர், குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வரும். இந்த மூன்று பேரும் வேண்டிய சுரங்களை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியதெல்லாம் பாரிடோன் தலையில் விழும். "மூணு பேர் தின்ன தட்டை வழிக்கிறவன்" என்று லாம்பர்ட் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொல்வார். டெல்மர் அதற்கும் சிரிப்பார். அவர் எதற்குத்தான் சிரிக்கவில்லை?

மார்ச் மாதம் பனி முழுசாக உருகுவதற்குள் டெல்மர் போய்ச் சேர்ந்தார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூவரும் ஏணியோடு வந்தார்கள். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரத்தில் அடைத்துக் கிடந்த இலைகளை வருஷா வருஷம் டெல்மர்தான் வாரிப் போடுவார். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். ஆஸி ஏணியில் ஏறினான். மற்ற இருவரும் கீழே நின்று அதைப் பிடித்துக்கொண்டு, அவன் எடையைப் பற்றிப் பேசினார்கள்.

உள்ளே ஆர்லிஸ் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டின் அமைதி அவளுக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாக அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். டெல்மரின் அந்தக் கோணல் முனகலைத் தானே முனகுவாள். பாட்டாக அல்ல. கதவு கிறீச்சிடுவதை ஒருவர் செய்து காட்டுவதுபோல. முப்பது வருஷத்துக்கு மேல் கேட்ட சத்தம், ஒரு வளைவு பிசகாமல் வாயில் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஏணியில் ஆஸியின் கால்கள் அப்படியே நின்றன. பிறகு அவன் முகம் தலைகீழாக எட்டிப் பார்த்தது.

"ஆர்லிஸ், அதை மறுபடி பண்ணுங்க."

"எதை?"

"இப்ப முனகினீங்களே, அதை. நிறுத்தாதீங்க. டேய் வெண்டல்! லாம்பர்ட்! உள்ள வாங்கடா!"

மூன்று பேரும் சேறும் இலையுமாகச் சமையலறைக்குள் வந்தார்கள். "பூட்ஸ்! பூட்ஸைக் கழட்டுங்க, இது வீடா மாட்டுக் கொட்டகையா?" என்று அவள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. வெண்டல் சட்டைப்பையிலிருந்து வட்டமான சுருதி ஊதலை எடுத்து ஊதினார்.

"நீ எங்களைக் கேக்காதே ஆர்லிஸ். அடுப்பைப் பாத்துக்கிட்டு உன் வேலையை மட்டும் பாரு. எங்க பக்கம் சாயாதே."

அவள் அடுப்பைப் பார்த்து முனகினாள். வெண்டல் ஒரு பாட்டைத் தொடங்கினார். மேலே ஆஸி வந்தான், கீழே லாம்பர்ட் வந்தார். ஒரே இடத்தில் அசடுபோல் நின்றுகொண்டிருந்த அவளுடைய சுரத்தைச் சுற்றி மற்ற மூன்றும் நகர்ந்தன. படி தவறி இறங்கும் இடத்தில் பாட்டே உருகி இறங்கியது. யாரும் கூப்பிடாமல் ஏறிய இடத்தில் பாட்டு முழுக்க ஏறியது. கடைசிச் சுரத்தை நாலு பேரும் பிடித்தபோது, யாருமே பாடாத, நாலு சுரமும் பிசகாமல் சேர்ந்தால் மட்டுமே பிறக்கும் ஐந்தாவது குரல் ஒன்று விளக்குக்குப் பக்கத்தில் எங்கோ கிளம்பி ஒலித்தது. அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன.

ஆர்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுவா அது?" என்றாள். "இவ்வளவு வருஷமா அவர் முனகினது இதுவா?"

"இதுதான். இது இல்லேன்னா நாங்க மூணு பேரும் மூணு ஊர்ல பாடற மாதிரி இருக்கும்" என்றார் லாம்பர்ட்.

"நான் அந்த மனுஷனை ஊர் முழுக்கக் கேலி பண்ணியிருக்கேனே."

"நாங்களும்தான் பண்ணினோம். அவன் பாரிடோன். அதுக்குத்தானே வச்சிருந்தோம்" என்று வெண்டல் சொன்னார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ரூடியின் பாரில், பொரித்த மீனுக்கும் முட்டைக்கோஸ் கூட்டுக்கும் நடுவில் ஆர்லிஸுக்கு ஒரு நாற்காலி ஏற்பட்டது. அவள் பாட வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தாள். "பனி வாரும்போது இப்படிப் பண்ணுவார்" என்று ஒரு முனகலை எடுத்துவிடுவாள். மூவரும் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். "ஆத்துப் படகுப் பாட்டு!" என்று ஒருவர் கத்துவார். மற்றவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்துகொள்வார்கள். பக்கத்து மேஜையில் பால் பண்ணைக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ரூடி கையில் பீர் கோப்பையோடு அப்படியே நிற்பான், ஏனென்றால் கடைசிச் சுரம் நிற்கும்போது கோப்பையை வைத்துச் சத்தம் பண்ணுகிறவனை அந்த ஊரில் மனுஷனாக மதிப்பதில்லை. அது அடங்கியதும் பார் முழுக்கக் கைதட்டும், மேஜையைக் குத்தும், யாரோ ஒரு தாத்தா "இன்னொரு தடவை, என் பல் செட் இன்னும் கழண்டு விழல" என்பார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுக்கு டெல்மர் ஒரு துண்டு திரும்பக் கிடைத்தார். சவரம் பண்ணும்போது முனகியது ஒரு காதல் பாட்டு. கார் கழுவும்போது முனகியது ரயிலில் பிரிந்து போகிறவனின் பாட்டு. அவர் மாமியார் வந்திருந்த வாரங்களில் முனகியது சவ ஊர்வலப் பாட்டு என்று தெரிந்தபோது அவள் மீன் புரையேறும் வரை சிரித்தாள்.

ஒன்று மட்டும் மிஞ்சியது. அவளுக்கு வேண்டியதே அந்த ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, மேஜை துடைத்தாகி, காபியும் வந்த பிறகு அவள் சொன்னாள்.

"கடைசிக் குளிர்காலம் அவர் வீட்டோட இருந்தாரில்ல. சமையலறையில அடுப்புப் பக்கத்துல நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அப்ப ஒண்ணு முனகுவார். அதுக்கு முன்னால நான் கேட்டதில்ல. அப்புறம் அது ஒண்ணுதான்." அவள் காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "கடைசி நாள் காலையில என்னைப் பாத்துக்கிட்டே அதை முனகினார். முனகிட்டு நிறுத்தினார். கையைக் கொஞ்சம் தூக்கினார், இப்படி. நீங்க பாடறப்ப அடுத்தவங்களை உள்ள கூப்பிட ஒரு கை காட்டுவீங்களே, அந்த மாதிரி. என்ன வேணும்னு கேட்டேன். மறுபடி முனகினார், மறுபடி கையைத் தூக்கினார். பேச முடியல அவரால. நான் தண்ணி கொண்டாந்து கொடுத்தேன்."

ஆர்லிஸ் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"குடிச்சார். என் மனசு நோகக் கூடாதுன்னு குடிச்சார்னு நினைக்கிறேன். அவர் கேட்டது தண்ணி இல்ல. அது என்ன பாட்டுன்னு தெரிஞ்சா அவர் என்ன கேட்டார்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"பாடு" என்றார் வெண்டல். "எனக்குத் தெரியாத பாட்டு இந்த விஸ்கான்சின்ல கிடையாது."

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? அவள் முனகினாள். வெண்டல் ஒரு மெட்டைப் போட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. இன்னொன்றைப் போட்டார், அதுவும் ஒட்டவில்லை. அன்றைக்கு ரூடி விளக்கை அணைக்கும் வரை போட்டுப் பார்த்தார்.

கோடை முழுக்க அது ஊருக்கே வேலையாகிவிட்டது. லாம்பர்ட்டின் கடையில் ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் நுரையோடு பாங்க் மேனேஜர் உட்கார்ந்திருக்க, கத்தியை ஓங்கியபடி லாம்பர்ட் அடிக்குரலைத் தேடுவார். ஆஸி கோடையில் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்குக்கு வந்தவர்களிடமெல்லாம் முனகிக் காட்டினான். வெண்டல் டிராக்டர் வாங்க வந்த ஒருவனிடம் பாடிக் காட்டி, அவன் டிராக்டர் வாங்காமலே போய்விட்டான். ஆளுக்கொரு பக்கம் அலைந்ததில் ஒரு நல்லது நடந்தது. அந்த முனகல் மூன்று பேருக்கும் தூக்கத்திலும் மறக்காத அளவுக்குப் பாடமானது.

அக்டோபரில் பக்கத்து மாநிலப் பாடகர்களும் வந்து கூடும் விழாவுக்கு மில்வாக்கி போனார்கள். ஆர்லிஸையும் காரின் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள்.

மேடை, பரிசு, நீதிபதிகள் என்று அதெல்லாம் பேருக்கு. நிஜமான பாட்டு ஓட்டலின் மாடிப்படியில் நடந்தது. அங்கேதான் குரல் சுவரில் பட்டுக் கனத்துத் திரும்பும். முன்பின் தெரியாத மூன்று பேர் நின்று பாடினால் நாலாவது ஆள் பக்கத்தில் வந்து, கல்யாண வீட்டில் பந்தியில் இடம் கேட்பதுபோல் தயங்கி நிற்பான். "பேஸ் வேணுமா?" "வாங்க, வாங்க." பேர் கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள். பாடி முடித்துக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், அப்புறம்தான் "நான் எட்கர்" என்பார்கள். லிஃப்டில் பாட்டு, சாப்பாட்டு வரிசையில் பாட்டு. தட்டோடு நின்ற ஓட்டல் பணியாளன் ஒருவன் கடைசிச் சுரம் அடங்கட்டும் என்று காத்திருந்து, தட்டிலிருந்த முட்டை ஆறிப்போய், அதற்காக ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆர்லிஸ் இத்தனை பெரிய மனிதர்கள் இத்தனை சின்னப் பிள்ளைகளாக ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்ததில்லை. டெல்மர் வருஷா வருஷம் இங்கே வந்துவிட்டு ஏன் அப்படி ஒரு முகத்தோடு திரும்பினார் என்று அவளுக்குப் புரிந்தது.

படிக்கட்டின் திருப்பத்தில் நின்று அவள் முனகினாள். சுற்றிலும் ஆள் கூடியது.

"ஏம்ப்பா, பொம்பளையா பாரிடோன்?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"சுரம் தப்பாம பாடணும்னுதான் சட்டம். பேன்ட் போடணும்னு இல்ல" என்றார் லாம்பர்ட், கிணற்றுக் குரலில். அந்த ஆள் அடங்கிப்போய், கொஞ்ச நேரத்தில் தானே ஒரு மெட்டைச் சொல்லிப் பார்த்தார்.

எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் மினசோட்டாக்காரர் ஒருவர், தொழிலில் பல் மருத்துவர், குரலில் பாரிடோன், கண்ணை மூடிக்கொண்டு அவளைத் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்.

"இது எந்தப் பாட்டுன்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளு. ஒவ்வொரு சுரமும் அந்த லீடுக்கு இடம் விட்டு நகருது பாருங்க. எனக்கு ஒரு லீட் கிடைச்சா நான் பாதி நேரம் அவனை இடிச்சுக்கிட்டுத்தான் பாடுவேன். இவர் தொடவே இல்ல. தாங்குறார்." அவர் கண்ணைத் திறந்தார். "ஆனா இந்த லீட் ஒரு தினுசான ஆளு. நடுநடுவுல நிறுத்தறான். மூச்சு விட இல்ல. எதையோ கீழ வச்சுட்டு மறுபடி எடுக்கற மாதிரி. உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் பொறுமையா நிக்கிறார்."

"குடிகார லீடா இருப்பான்" என்றார் வெண்டல்.

"நீ தண்ணி போட்டா நிறுத்தவே மாட்டியே" என்றான் ஆஸி.

திரும்பி வரும் வழியில் ஆர்லிஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சோளம் அறுத்த வயல்கள் போய்க்கொண்டே இருந்தன. "போதும். விட்டுருங்க. நீங்க ரொம்ப அலைஞ்சுட்டீங்க" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அந்த மூவருக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நவம்பரில் ஒரு மத்தியானம் மூவரும் வாசலில் நின்றார்கள். தலைவாரி, கோட்டுப் போட்டு, சர்ச்சுக்குப் போவதுபோல்.

"கெடச்சிருச்சு ஆர்லிஸ்" என்றார் வெண்டல்.

அவள் கை கதவிலேயே நின்றது.

"எங்க அத்தை ஒருத்தி அயோவால இருந்தா. சின்னப் பிள்ளையில அவ பாடிக் கேட்டது. திடீர்னு நேத்து ஞாபகம் வந்துச்சு. நீ பாடு, நாங்க சேர்ந்துக்கறோம்."

சமையலறையில் நின்றார்கள். அவள் முனகத் தொடங்கினாள், வெண்டல் பாடினார். ஆற்றோரத்தில் ஒரு வீடு, ஜன்னலில் ஒரு விளக்கு, தூரம் போனவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி. ஒட்டியது. எல்லாச் சுரமும் ஒட்டியது. ஐந்தாவது குரல்கூட விளக்குக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. ஆனால் டெல்மர் நின்ற இடங்களிலெல்லாம் வெண்டல் நிற்கவில்லை. நீட்டி இழுத்து அந்த இடைவெளிகளை அடைத்துக்கொண்டு போனார். டெல்மர் யாருக்காக நின்றாரோ அவர் அந்தப் பாட்டில் இல்லை.

பாட்டு முடிந்தது. ஆஸி தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாம்பர்ட் துடைத்த மூக்குக்கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"வெண்டல்" என்றாள் ஆர்லிஸ். "ஒண்ணாங் கிளாஸ்லேருந்து உன்னை எனக்குத் தெரியும். உங்கப்பா அவங்க வீட்டுக்கு ஒரே பிள்ளை. உனக்கு ஏது அத்தை?"

வெண்டல் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "அம்மா வழியில ஒரு..."

"அம்மாவுக்குக் கூடப் பிறந்தது ரெண்டும் ஆம்பளைங்க, ரெண்டு பேரும் கல்யாணமே பண்ணிக்கல. ஒருத்தர் எனக்கு ஞானத்தகப்பன்."

"நான் அப்பவே சொன்னேன், அடுத்த வீட்டுக்காரின்னு வச்சுக்கடான்னு" என்றார் லாம்பர்ட்.

"மூணு வாரம் உக்காந்து கட்டினோம்" என்றான் ஆஸி, அழாத குறையாக. "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு கிடைக்கட்டுமேன்னு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்து, அது நிற்கவில்லை. தனக்காக மூன்று கிழட்டுப் பயல்கள் உட்கார்ந்து ஒரு பொய்யைச் சுருதி சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இதைவிட ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"உக்காருங்க. எங்கயும் போகாதீங்க. ஆப்பிள் பை பண்றேன்" என்றாள்.

டெல்மர் போன பிறகு அவள் பைக்கு, ஆப்பிளை உள்ளே வைத்து மூடிச் சுடும் அந்தப் பலகாரத்துக்கு, மாவு பிசைந்ததில்லை. ஒண்டிக்கட்டைக்கு யார் மாவு பிசைவார்கள்? அவள் வெண்ணெயை வெட்டி மாவில் போட்டுப் பிசிறினாள். மேஜையில் மாவு தூவி உருட்டுக்கட்டையை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் மூவரும் அசடு வழிய உட்கார்ந்து, பொய்யைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்காகக் கார் டயரைப் பற்றிப் பேசினார்கள்.

பேச்சின் நடுவில் ஆஸி கையை உயர்த்தினான். "ஷ்..."

ஆர்லிஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கின் வழியே, மூச்சு போவதுபோல மெல்லிசாக, ஒரு மெட்டு வந்துகொண்டிருந்தது. அதில் சர்ச்சுப் பாட்டில் கொஞ்சம் இருந்தது, ரேடியோவில் வரும் சோப்பு விளம்பரத்தில் கொஞ்சம் இருந்தது, மிச்சமெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. கட்டை முன்னால் போகும்போது மெட்டு ஏறியது, பின்னால் வரும்போது இறங்கியது. அவள் கட்டையை வைத்துவிட்டு மாவைத் தூக்கித் திருப்பிப் போட்டாள். மெட்டு நின்றது. மாவு தூவினாள். கட்டையை எடுத்தாள். மெட்டு தொடர்ந்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸி அந்தப் பெரிய உடம்பிலிருந்து வரக்கூடிய மிகச் சின்னக் குரலில் டெல்மரின் முனகலை எடுத்து அந்த மெட்டின் அடியில் வைத்தான்.

அது உட்கார்ந்தது. அவள் மாவைத் திருப்பும்போது டெல்மரின் சுரம் நின்று பொறுத்தது, அவள் தொடங்கும்போது நகர்ந்தது. கொஞ்ச நேரம் ஆர்லிஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு முதுகுக்குப் பின்னால் சமையலறை ஒலிப்பதை உணர்ந்து நிறுத்தினாள். ஆஸியின் குரல் இன்னும் ஒரு வளைவு போய், அவள் இல்லாமல் தனியாக நின்றது.

"என்ன பண்றீங்க?" என்றாள்.

"நீங்க இப்ப என்ன பாடினீங்க?"

"நான் எங்க பாடினேன்? எனக்குப் பாட வராது."

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு மில்வாக்கி வரைக்கும் அலைஞ்சிருக்கோம்" என்றார் லாம்பர்ட்.  "ஆர்லிஸ், உங்களுக்குத் தெரியாதா? மாவு தேய்க்கறப்ப நீங்க முனகறீங்க. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் உங்களுக்குத்தான் பாரிடோன் பாடியிருக்கான்."

அவள் மாவுக் கையோடு அடுப்புப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அந்தக் குளிர்காலத்தில் தினமும் ஏதாவது தேய்த்துச் சுட்டுக்கொண்டேதான் இருந்தாள். அவருக்குச் சாப்பிடப் பிடித்தது, வீடும் சூடாக இருந்தது. கடைசி வாரம் அவள் மாவைத் தொடவில்லை. அவரால் விழுங்க முடியவில்லை. யாருக்காகத் தொடுவாள்? அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் சுரத்தைச் சொன்னார், நிறுத்தினார், கையைத் தூக்கி அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் வரவில்லை. மறுபடி சொன்னார், மறுபடி கூப்பிட்டார்.

"என்னைப் பாடச் சொல்லியிருக்கார்" என்றாள் ஆர்லிஸ். "நான் தண்ணியக் கொண்டு போய்க் கொடுத்தேன்."

அவள் மாவுக் கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். 

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன். நீ பாடறேடின்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க" என்றான் ஆஸி.

அது உண்மை. அவள் முகத்தைத் துடைத்தாள், கன்னமெல்லாம் மாவானது. வாயைத் திறந்து அந்த மெட்டைப் பிடிக்கப் பார்த்தாள். வரவில்லை. தொண்டையில் ஒன்றுமே இல்லை. அம்மா காதைத் திருகிய அந்த ஈஸ்டர் காலைதான் இருந்தது.

"எனக்கு வராது ஆஸி."

"பாடாதீங்க. யாரு உங்களைப் பாடச் சொன்னா? மாவைத் தேயுங்க."

அவள் உருட்டுக்கட்டையை எடுத்தாள். மாவு ஏற்கெனவே போதுமான அளவு மெலிந்திருந்தது. அதை மறுபடி உருண்டையாகச் சுருட்டி, மேஜையில் அறைந்து, முதலிலிருந்து தேய்த்தாள். கட்டை போனது, வந்தது. இரண்டு மூன்று முறை வெறுமனே மரச்சத்தம். பிறகு கை அதைக் கண்டுபிடித்தது.

லாம்பர்ட் அடியில் வந்தார். ஆஸி மேலே தன் இடத்துக்குப் போனான். வெண்டல் சுருதி ஊதலைச் சட்டைப்பைக்குள் போட்டு, முன்னால் வராமல், வாழ்க்கையில் முதல் தடவையாக மற்ற மூவரும் விட்டுவைத்த மிச்சத்தை எடுத்துப் பாடினார். ஒரு சுரத்தில் இடறினார், சரி செய்துகொண்டார். அவளுக்கு முன்னால் ஒரு இடத்திலும் போகவில்லை.

மாவைத் திருப்ப வேண்டிய இடம் வந்தது. ஆர்லிஸ் நிறுத்தினாள். மூன்று குரல்களும் நின்று காத்திருந்தன. அவள் அவசரப்படவில்லை. மாவைத் தூக்கித் திருப்பிப் போட்டாள், மேலே கொஞ்சம் மாவு தூவினாள், அந்தக் கடைசி நாள் காலையில் டெல்மருக்குக் கொடுக்காமல் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தாள்.